லாக்கர் நம்பரில் சேர்த்த பட்டியல்

என் வேலையைக் கம்ப்யூட்டர் வேலை என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கல்யாணத் தரகர் வேலை என்று சொல்லியிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும். ஒருவர் ஒரு மாதிரி எழுதிய அட்டவணை, இன்னொருவர் வேறு மாதிரி எழுதிய அட்டவணை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, இந்த வரிசையில் இருக்கும் ஆள்தான் அந்த வரிசையில் இருக்கும் ஆளா என்று பார்த்துச் சேர்த்து வைப்பேன். பத்துப் பொருத்தமும் எந்த ஜோடிக்கும் அமையாது. பெயரோ நம்பரோ, ஏதாவது ஒரு பத்தி இரண்டிலும் ஒன்றாக இருந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

ஓசூரில், வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டிக் கொடுக்கிற கம்பெனி. லைனில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் கான்ட்ராக்டர் மூலமாக வந்தவர்கள். நானும் அப்படித்தான். எனக்கு ஒரு மேசையும் நாற்காலியும் உண்டு, அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பத்துப் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டர் மாறுவார். ஆட்கள் மாற மாட்டார்கள். சனிக்கிழமை வீட்டுக்குப் போனவள் திங்கட்கிழமை அதே இடத்தில் நின்று அதே ஒயரைச் சொருகுவாள். கழுத்தில் தொங்கும் அட்டையில் நம்பர் மட்டும் புதிதாக இருக்கும்.

போன வருடம் ஆயுத பூஜை முடிந்த வாரம், சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. கான்ட்ராக்ட் ஆட்களில் இரண்டு வருடம் விடாமல் வேலை செய்தவர்களை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். பட்டியல் கேட்டிருந்தார்கள். எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "கேட் பஞ்சிங் டேட்டா இருக்கு, கான்ட்ராக்டர் மஸ்டர் இருக்கு. ரெண்டையும் மெர்ஜ் பண்ணிக் குடும்மா. ஒரு நாள் வேலை" என்றார். ஒரு நாள் வேலை என்று யாராவது சொன்னால் அவர் அந்த வேலையைச் செய்ததே இல்லை என்று அர்த்தம்.

கேட் அட்டவணையில் ஒருமுறை அட்டையைக் காட்டினால் ஒரு வரி. உள்ளே வந்தது ஒரு வரி, வெளியே போனது ஒரு வரி, இப்படியே லட்சக்கணக்கில் கீழே இறங்கிக்கொண்டே போகும். கான்ட்ராக்டரின் வருகைப் பதிவேடோ ஆளுக்கு ஒரு வரிசை, தேதிகள் ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை குறுக்காக. நான்கு வருடத்தில் நான்கு கான்ட்ராக்டர்கள். முதலாமவர் பெயரை முன்னால் போட்டார். இரண்டாமவர் நம்பரை முன்னால் போட்டார். மூன்றாமவர் தேதியை மேலிருந்து கீழே எழுதி ஆட்களைக் குறுக்கே படுக்க வைத்திருந்தார். நான்காமவர் ஞாயிற்றுக்கிழமைகளையே விட்டுவிட்டார். குறுக்கே கிடந்ததை நிமிர்த்தி, விட்டுப்போனதைச் செருகி, எல்லாவற்றையும் ஒரே அமைப்புக்குக் கொண்டுவரவே நாலு நாள் ஆனது. பிறகு நம்பரை வைத்துச் சேர்த்தேன். இரண்டு வருடம் நிறைந்தவர்கள் என்று பதினோரு பேர் வந்தார்கள்.

பதினோரு பேரும் ஆண்கள். பேக்கிங்கில் வேலை செய்பவர்கள். பேக்கிங் பகுதிக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்து ஒரே கான்ட்ராக்டர், அதனால் அவர்கள் நம்பர் மாறவே இல்லை. லைனில் நிற்கும் ஒரு பெண்கூட அந்தப் பட்டியலில் இல்லை. ஒவ்வொருத்தியின் வேலையும் நம்பர் மாறிய இடத்தில் அறுந்து, ஒரே ஆள் நான்கு துண்டாகக் கிடந்தாள். எந்தத் துண்டுக்கும் ஒரு வயதுகூட நிறையவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே தோட்டத்தையே மறைத்திருந்தார்கள்.

எனக்கு ஒருத்தி இல்லாததுதான் முதலில் கண்ணில் பட்டது. என்னோடு பஸ்ஸில் வருகிற அக்கா, கல்லாவி ஊர்க்காரி. கம்பெனி பஸ் அந்தப் பக்கமிருந்து இருட்டோடு கிளம்பி ராயக்கோட்டை வழியாக வரும். அவளுக்குக் காலை ஷிஃப்ட் இருக்கும் வாரங்களில், உத்தனப்பள்ளியில் நான் ஏறும்போது பக்கத்து சீட்டில் டிபன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்துவிட்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பாள். நான்கு வருடமாக ஒரே சீட். அக்காவுக்கு அந்த வருடம் முப்பத்தைந்து முடிகிறது. தையில் வரப்போகும் புதுக் கான்ட்ராக்டர் முப்பத்தைந்துக்கு மேல் ஆள் எடுப்பதில்லை என்று ஏற்கெனவே பேச்சு வந்துவிட்டது. அதற்குள் நிரந்தரமானால் அவள் வேலையில் இருப்பாள். இல்லையென்றால் தையோடு வீடுதான்.

"லிஸ்ட்டு போடறாங்களாமே பாப்பா, நீதான் போடறியாமே?" என்று பஸ்ஸில் கேட்டாள்.

"ஆமாக்கா."

"நாலு வருஷம் ஆவுதே எனக்கு. வந்துடும் இல்ல?"

பார்க்கிறேன் என்றேன். அன்றைக்கு அவள் தூங்கவில்லை. கம்பெனி வரும்வரை, நிரந்தரமானால் மகளை ஓசூரிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மேனேஜரிடம் போய் இது தப்பான பட்டியல் என்றேன். அவர் திரையைப் பார்த்தார். "நம்பர் மேட்ச் ஆகுதா?"

"ஆகுது சார். ஆனா நம்பரே தப்பு. ஆள் ஒண்ணுதான், நம்பர் நாலு இருக்கு."

"சிஸ்டத்துல இருக்கறதுதான்மா டேட்டா. நமக்குத் தெரிஞ்சதெல்லாம் டேட்டா ஆகாது."

"பேரை வெச்சு சேர்க்கட்டுமா?"

சிரித்தார். சிரிக்க அவருக்கு நியாயம் இருந்தது. லைனில் ஒரே பெயரில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். கல்யாணமானதும் அப்பா இனிஷியல் போய்ப் புருஷன் இனிஷியல் வந்துவிடும். தெலுங்கு வீட்டுப் பெண்கள் சிலருக்கு வீட்டுப் பெயர் முன்னால் நிற்கும், கன்னடக்காரர்கள் சிலருக்கு ஊர்ப் பெயர் நிற்கும். பெயரை நம்பி இறங்கினால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பும். ஆதார் எண்ணைக் கான்ட்ராக்டர்கள் எங்களிடம் கொடுப்பதில்லை. அப்படியென்றால் இந்தக் கட்டடத்துக்குள் நான்கு வருடமாக மாறாமல் இருக்கும் ஏதோ ஒன்று வேண்டும். அப்படி ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்தப் பிடிவாதத்துக்கு வேறு பெயர் உண்டு, அதை இங்கே எழுத முடியாது.

கிடைத்தது பெண்கள் உடைமாற்றும் அறையில். அங்கே இரும்பு லாக்கர்கள் உண்டு. கான்ட்ராக்டர் மாறினால் எல்லோரும் சாவியை ஒப்படைத்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும் என்பது விதி. ஒருத்தியும் ஒப்படைத்தது கிடையாது. கதவின் உள்பக்கம் சாமி படம் ஒட்டியிருப்பாள், மாற்றுச் சேலை வைத்திருப்பாள், தலைவலித் தைலம், நாப்கின், காலையில் சாப்பிட நேரமில்லாத இட்லி எல்லாம் அதற்குள்தான். சாவியைத் தாலிக் கயிற்றில் ஊக்கோடு கோத்து வைத்திருப்பவர்கள் பாதிப் பேர். அதை யார் வந்து கேட்பது?

அந்த அறைக்குப் பொறுப்பு ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கும் ஓர் அம்மா. அத்திப்பள்ளியிலிருந்து வருபவர், கன்னடம்தான் வீட்டுப் பேச்சு. சாவி தொலைந்தால் யார் தலையில் கட்டுவது என்பதற்காக ஒரு நோட்டு வைத்திருந்தார். லாக்கருக்கு ஒரு பக்கம். நம்பர் மாறும்போதெல்லாம் பழைய நம்பரை அடித்துவிட்டுக் கீழே புதியதை எழுதியிருந்தார். நோட்டைப் புரட்டினேன். கம்பெனியின் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லாத ஒன்று, பழைய நம்பரும் புதிய நம்பரும் ஒரே பக்கத்தில், நீல மையில் இருந்தது.

"ஆபீஸுக்கு எதுக்கும்மா இந்த நோட்டு? யாராச்சும் கம்ப்ளெயின்ட்டா?" என்று பயந்து கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். "எடுத்துக்கோ. ஆனா இங்கியே உக்காந்து எழுது. நோட்டு வெளிய போகக் கூடாது" என்றார். இரண்டு மதிய இடைவேளைகள் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டு முழுவதையும் லேப்டாப்பில் ஏற்றினேன்.

அந்த வேகத்தில்தான் சறுக்கினேன். லாக்கர் நம்பரை வைத்து எல்லாவற்றையும் சேர்த்து, பட்டியலை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினேன். அவர் நிதானமாகக் கீழே இறக்கிப் பார்த்து, ஒரு வரியில் விரலை வைத்தார். அந்தப் பெண் ஒரே மாதத்தில் நாற்பத்தாறு நாள் வேலை செய்திருந்தாள்.

"உன் லைன்ல மாசத்துக்கு எத்தனை நாள்மா?" என்றார். அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். லேப்டாப்பை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அழவில்லை. கோபத்தில் எனக்கு அழுகை வராது, பசிதான் வரும். கேன்டீனில் இரண்டு வடை தின்றேன்.

வடை தின்னும்போதே காரணம் புரிந்துவிட்டது. லாக்கர்கள் பற்றாது, அதனால் ஒன்றை இரண்டு பேர் வைத்துக்கொள்வார்கள். ஒருத்தி காலை ஷிஃப்ட் என்றால் கூட்டாளி மதிய ஷிஃப்ட். ஒரே ஷிஃப்டில் இருப்பவளைக் கூட்டுச் சேர்க்க மாட்டார்கள், ஒரே நேரத்தில் கதவைத் திறக்க முடியாதே. நோட்டில் ஒரு பக்கத்தில் எட்டு நம்பர் இருந்தால் அது நான்கு வருடத்து இரண்டு பெண்கள். நான் இருவரையும் ஒருத்தியாக்கி நாற்பத்தாறு நாள் வேலை வாங்கியிருந்தேன். இங்கே லாக்கரைப் பகிர்வது எனக்குத் தெரியாததல்ல. எனக்கு லாக்கர் கிடையாது, பையை மேசைக்கடியில் வைப்பவள், அதனால் மறந்துபோனேன்.

பிரிப்பதற்கு வழியும் அவர்களே வைத்திருந்தார்கள். ஷிஃப்ட் வாரா வாரம் மாறும். கான்ட்ராக்டர் மாறினாலும் அந்தச் சுழற்சி நிற்காது. சனிக்கிழமை வரை பழைய நம்பரில் காலை ஷிஃப்ட் வந்தவள், திங்கட்கிழமை புது நம்பரில் மதியம்தான் வர முடியும். கூட்டாளி நேர்மாறாக வருவாள். ஆகவே லாக்கர் நம்பரோடு ஷிஃப்டையும் சேர்த்துப் பொருத்தினேன். எட்டு நம்பர்கள் நான்கு நான்காகப் பிரிந்து விழுந்தன. அதோடு விடவில்லை. ஒவ்வொரு லாக்கராக எழுதிக்கொண்டு போய், "இந்த நாலு நம்பரும் உன்னுதா?" என்று ஆளை நிறுத்திக் கேட்டேன். பழைய அட்டைகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்கள் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். இப்போது மாதத்துக்கு இருபத்தேழுக்கு மேல் யாருக்கும் வரவில்லை. இரண்டு வருடம் நிறைந்த பெண்கள் ஐம்பத்தெட்டு பேர். அக்கா முப்பத்தோராவது வரிசையில் இருந்தாள்.

இந்த முறை மேனேஜர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"லாக்கர் நோட்டெல்லாம் அஃபீஷியல் ரெக்கார்டு இல்லம்மா. இதை அனுப்பினா, இத்தனை நாளா நம்பர் ஏன் மாத்துனீங்கன்னு என்னைக் கேப்பாங்க."

"கேக்கட்டும் சார்."

அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். ஆனால் குரலைத் தாழ்த்தினார். "நீ எத்தனை வருஷம்?"

"நாலு."

"உன் பேரு ரெண்டு லிஸ்ட்லயும் இல்ல பாத்தியா? பதினோரு பேர் லிஸ்ட்டை அனுப்பு. பன்னெண்டாவதா உன்னைப் போடறேன். நான் சொன்னா அது போதும், மேட்ச் எல்லாம் வேணாம்."

என் பெயர் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை பேரைத் தேடினேனே, என்னைத் தேடவில்லை. லாக்கர் இல்லாதவளுக்கு நோட்டில் பக்கமும் இல்லை. ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு ராத்திரி படுக்கையில் புரண்டேன். அவர் வாயால் சொன்னால் என் நான்கு வருடம் நிஜமாகிவிடுமாம், ஐம்பத்தெட்டு பேருக்கு நாள் நாளாக எழுதிக் காட்டினாலும் நிஜமாகாதாம். அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. யோசிக்க யோசிக்க ஆசை போய்க் கோபம்தான் மிஞ்சியது.

வியாழக்கிழமை தலைமை அலுவலகத்தோடு வீடியோ கூட்டம். மேனேஜருக்குத் திரையைப் பகிரத் தெரியாது. கூட்டம் என்றால் லேப்டாப்போடு நான்தான் பக்கத்தில் உட்கார வேண்டும். மேனேஜர் சொன்னபடி பதினோரு பேர் பட்டியலைத் திறந்து வைத்தேன். மறுபக்கத்தில் இருந்த மேடம் ஒன்றிரண்டு நிமிடம் படித்தார்.

"இவ்வளவு பெரிய லைன்ல பழைய ஆளுங்க பதினோரு பேர்தானா? லேடீஸ் ஒருத்தர்கூட இல்லையா?"

"அட்ரிஷன் ஜாஸ்தி மேடம். லேடீஸ் கல்யாணம், குழந்தைன்னு நின்னுடுவாங்க" என்றார் மேனேஜர்.

எனக்குள் ஏதோ அறுந்தது. கல்லாவியிலிருந்து இருட்டில் கிளம்பி வருகிறவளைப் பார்த்து நின்றுவிடுவாள் என்கிறார். நான் அடுத்த ஷீட்டைத் திறந்தேன்.

"மேடம், யாரும் நிக்கலை. நம்பர்தான் நின்னுடுது" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. "ஆளுங்க அம்பத்தெட்டு பேர் இங்கியேதான் இருக்காங்க. எப்படிச் சேர்த்தேன்னு கீழ எழுதியிருக்கேன். இப்பவே யாரை வேணாலும் கூப்பிட்டுக் கேளுங்க."

மேனேஜரின் கை மேசைக்கடியில் லேப்டாப் வயரைத் தேடியது. சத்தியமாகத் தேடியது. நான் லேப்டாப்பை என் மடிக்கு இழுத்துக்கொண்டேன். அந்த மேடம் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போனார். பிறகு, "லாக்கர் நோட்டை பத்திரமா வைங்க. ஆள் அனுப்பறேன்" என்றார்.

ஆள் வந்தார்கள், இருவர். மூன்று நாள் ஒவ்வொருத்தியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். அத்திப்பள்ளி அம்மா நோட்டைத் தன் கையை விட்டுக் கொடுக்காமல் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். ஐம்பத்தெட்டில் நான்கு பேருக்கு நடுவில் இடைவெளி இருந்ததைக் கண்டுபிடித்துத் தள்ளினார்கள். அது நியாயம்தான், நான் கவனிக்காமல் விட்டது. மீதி ஐம்பத்து நான்கு பேர். மார்கழி பிறந்ததும், பேக்கிங் ஆட்கள் பதினோரு பேரோடு சேர்த்துப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

அக்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்த் தன் பெயரைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று மேலிருந்து கீழே இன்னொரு தரம் படித்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"உன் பேரு எங்க?"

"இல்லக்கா. எனக்கு லாக்கர் இல்ல. சேராது."

"சேராதுன்னா? நாலு வருஷம் எம் பக்கத்துல உக்காந்துகினு வந்தவ யாரு, பேயா?" எல்லோர் எதிரிலும் முதுகில் ஒன்று வைத்தாள், நன்றாக வலித்தது. "ஊருக்கெல்லாம் எழுதத் தெரிஞ்சுது, உனக்கு எழுதத் தெரியலியா? இன்னாடி புத்தி இது?" திட்டிக்கொண்டே அழுதாள். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொல்ல மாட்டேன். பலகையின் முன்னால் குதித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்க்கையில் இருந்தது. ஆனால் அந்தத் தாளில் ஒரு வரிசைகூடப் பொய் இல்லை. அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

தையில் புதுக் கான்ட்ராக்டர் வந்தார். மிச்சம் இருந்தவர்களோடு நானும் கேன்டீனில் வரிசையில் நின்றேன். கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர், வழுக்கைத் தலை, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, ஆளுக்கொரு படிவம் கொடுத்துக்கொண்டிருந்தார். பெயர், ஊர், படிப்பு, அதற்குக் கீழே ஒரு கேள்வி: இந்த நிறுவனத்தில் இதற்கு முன் வேலை செய்தது உண்டா? அங்கே "இல்லை" என்று எழுத வேண்டும். அப்படித்தான் சொல்லித் தருவார்கள். மூன்று முறை நானே என் கையெழுத்தில் அப்படி எழுதியிருக்கிறேன். லைனில் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஆளைத் துண்டு துண்டாக்கியது கான்ட்ராக்டரும் கம்பெனியும் மட்டும் என்று அத்தனை நாள் ஏசிக்கொண்டிருந்தேன். பேனா எங்கள் கையில் அல்லவா இருந்திருக்கிறது!

"உண்டு. நான்கு வருடம். இதே கட்டடம், இதே மேசை" என்று எழுதினேன். அடியில் பழைய நம்பர்கள் நான்கையும் வரிசையாக எழுதினேன்.

அவர் படித்துவிட்டு வேறு தாள் கொடுத்தார். "இப்படி எழுதுனா ஆன்லைன்ல ஏறாதும்மா. இல்லைன்னு போடு."

புதுத் தாளிலும் அதையே எழுதினேன்.

"என்னம்மா, சொன்னா புரியாதா? வேலை வேணுமா வேணாமா?"

"வேணும் சார். அதான் எழுதறேன்."

மூன்றாவது தாளை அவர் மேசையில் வீசினார். மூன்றாவதிலும் எழுதினேன், இந்த முறை கொஞ்சம் பெரிய எழுத்தில். எனக்குப் பின்னால் நின்ற பெண் தேன்கனிக்கோட்டைக்காரி, லைனுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அந்த எடத்துல இன்னா எழுதின?"

சத்தமாகப் படித்துக் காட்டினேன். வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். அவள் தன் தாளைப் பார்த்தாள். ஏற்கெனவே "இல்லை" என்று எழுதி வைத்திருந்தாள். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அதை அடித்தாள்.